நிலைவாசலுக்கு மேலே போன வெள்ளை வயர்

எங்கள் வீட்டு நிலைவாசலுக்கு மேலே வெள்ளை வயர் போனது என் சொல்லால்தான். ஒரு வருஷத்துக்கு மேல் அதை யாரிடமும் சொல்லவில்லை. வெளியாள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று தலையை அசைப்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். பேசாமல் இருப்பதால் யாருக்கும் கெடுதல் வரும் என்று நான் நினைத்ததில்லை.

போன வருஷம் தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். எனக்கு ஒரே மகள், நாற்பத்தொரு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆஸ்பத்திரிகளோடு பேசுகிற வேலை அவளுக்கு. ஆபரேஷன் முடிந்தவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து இவளைக் கூப்பிடுவார்கள். இவள் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஆளை விடுவார்கள். அதுவரை அவர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சென்னையில் அவள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒரே அறையில் இன்னும் இரண்டு பெண்கள். அங்கே நான் போய் இருக்க வழியில்லை. மகள் கெஞ்சிக் கேட்டு, சங்கரன்கோவிலிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். மேலதிகாரி அம்மா ஒரு நிபந்தனை போட்டார். ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை இன்டர்நெட் லைன் நின்றால் திரும்பி ஆபீசுக்கே வந்துவிட வேண்டும்.

பங்குனியில் லைன் இழுக்க ஆள் வந்தார். கரிவலம்வந்தநல்லூர்க்காரர், ஐம்பது வயதை ஒட்டியவர். மகள் உள்ளறையில் ஆபீசோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் இரண்டு வயர்ச் சுருளை வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஆச்சி, இது கருப்பு. வெளிய போடுதது. கூடவே ஒரு இரும்புக் கம்பி போகுது பாருங்க, காத்துல ஆடினாலும் இழுவைய அது வாங்கிக்கிடும். தோலு வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. இது வெள்ளை. வீட்டுக்குள்ள போடுதது. மெலிசா இருக்கும், மூலையில சொன்னபடி திரும்பும், ஆனா வெயிலு ஆகாது. ரெண்டையும் ஒரு சின்னப் பெட்டியில வச்சிச் சேத்துருவேன்."

"உள்ள என்ன கம்பியா?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"கண்ணாடி ஆச்சி. தலைமுடி தண்டிதான், அவ்வளவு மெலிசு. அதுல வெளிச்சம் போகும்."

வயர் தெருக்கோடிப் போஸ்ட் கம்பத்திலிருந்து வந்து, எங்கள் வாசல் தாழ்வாரத்தின் இடது மூலையில் ஒரு கொக்கியில் மாட்ட வேண்டும். அங்கிருந்து நிலைக்கு மேலாகவே போய், வலது பக்கத்து வெண்டிலேட்டர் வழியாக மகள் இருக்கும் அறைக்குள் நுழைய வேண்டும். பக்கத்துச் சுவர் அடுத்த வீட்டுக்காரர்களோடு பொதுச்சுவர் என்பதால் வேறு வழி இல்லை. மாடி சுற்றி வந்தால் இரண்டு மடங்கு நீளம்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில்தான் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தேன். ஆபரேஷன் ஆன பிறகு நானே நின்று பூசிய முதல் வெள்ளி அது. அவர் கருப்புச் சுருளை எடுத்து நிலைக்குக் குறுக்கே பிடித்து அளந்து பார்த்தார். அந்த நிலையைத் தாண்டித்தான் என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மகள் இந்த வீட்டில் வேலையைத் தொடங்குகிற நாளில் நிலைக்கு மேல் கருப்பாக ஒன்று போவதா?

"தம்பி, நிலைக்கு மேல கருப்பு வேண்டாம். அந்த வெள்ளையவே போட்ருங்க" என்றேன்.

"வெள்ளை வெளிய வரக் கூடாது ஆச்சி."

"எட்டடிதானே தம்பி. தோரணத்துக்குப் பின்னால மறஞ்சிரும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நான் பிடித்துக்கொண்டு நின்ற நடைவண்டியைப் பார்த்தார். "மேக்குப் பாத்த வாசலு. சாயங்கால வெயிலு முழுக்க இதுல விழும். ஒரு கோடை தாங்கும். ரெண்டாவது கோடைக்கு நான் பொறுப்பில்ல. அதுக்கு முன்ன கூப்பிடுங்க, மாத்தித் தாரேன். மகள்ட்ட மறக்காமச் சொல்லிருங்க" என்றார்.

தலையை அசைத்தேன். இணைக்கிற பெட்டியை இடது மூலையிலேயே வைத்து, அங்கிருந்து வெள்ளையைக் கொண்டுபோனார். அவர் போன பிறகு மகள் வந்து, "எல்லாம் முடிஞ்சிதாம்மா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்த வருஷம் நன்றாகப் போனது. காலை ஒன்பது மணிக்கு அவள் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவாள். நான் சத்தம் காட்டாமல் சமைப்பேன். வயரை மறந்தே போனேன்.

இந்த வருஷம் சித்திரை பிறந்து சில நாளில், மத்தியானம் மூன்று மணிக்கு லைன் நின்றது. அறையில் இருக்கும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் லைன் இருக்கிறது, சிவப்பு மின்னினால் இல்லை. அன்று சிவப்பு மின்னியது. ஐந்து மணிக்குத் தானாகவே பச்சை வந்தது. மகள் பெட்டியைக் குறை சொன்னாள். இரண்டு நாள் கழித்துப் புதுப்பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினாள்.

அப்போதுதான் எனக்கு அந்த ஆள் சொன்னது நினைவு வந்தது. வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளையாக இருந்தது பழுப்பாகி, குதிகால் போல வெடித்துக் கிடந்தது. வெயில் ஏறினால் லைன் போகிறது, தாழ்ந்தால் வருகிறது என்பது எனக்கு விளங்கிவிட்டது. மகளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், "ஒரு வருஷமா ஏன் சொல்லல?" என்று கேட்பாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

பத்து நாளில் இரண்டாவது தடவை நின்றது. மதுரை ஆஸ்பத்திரி ஒன்றோடு பேசிக்கொண்டிருந்தாள். பாதியில் அறுந்துவிட்டது. அங்கே ஒரு பெரியவர் சாயங்காலம் வரை வீட்டுக்குப் போக முடியாமல் கிடந்தாராம். மேலதிகாரி அம்மா போன் ஸ்பீக்கரில் பேசியது வெளியே எனக்குக் கேட்டது. "இன்னொரு தடவை நின்னா நீங்க கிளம்பி வந்துடணும்."

அன்று மகள் சாப்பிடவில்லை. "போஸ்ட்லதான் ஏதோ கோளாறும்மா. எத்தன தடவ போன் பண்ணுதேன், வந்து பாக்க மாட்டேங்காங்க" என்றாள். அவள் வாளை மீன் குழம்பை ஒதுக்கி வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் செய்த காரியத்தை எழுதவே கை கூசுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு கட்டுப் போட வாங்கிய வெள்ளை பிளாஸ்திரி கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெடிப்பை ஒட்டிவிட்டால் இந்தக் கோடையை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். பதினொரு மணி இருக்கும். மகள் உள்ளே பேசிக்கொண்டிருந்தாள். முக்காலியை நிலைக்கு நேரே போட்டு, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். விழுந்தால் எல்லாம் போச்சு என்று தெரிந்துதான் ஏறினேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பிளாஸ்திரியைச் சுற்றி, நன்றாக ஒட்டட்டும் என்று கட்டைவிரலால் அழுத்தினேன்.

உள்ளே மகளின் குரல் கேட்டது. "சொல்லுங்க, பேஷன்ட் அட்மிட் ஆன தேதி... ஹலோ? ஹலோ? கேக்குதா? ஹலோ?"

நான் முக்காலி மேலேயே நின்றேன்.

எப்படியோ இறங்கி, பிளாஸ்திரிச் சுருளை மடியில் செருகிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். மகள் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். வீட்டுக்குள் போன் விட்டு விட்டுத்தான் கேட்கும், மாடியில் தெளிவாகக் கேட்கும். வெயிலில் நின்று மேலதிகாரி அம்மாவிடம் அவள் கெஞ்சுவது படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. கீழே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"யம்மா, ஒரு வழி இருக்கு. லைன் போட்டவங்க தப்புன்னு தெரிஞ்சா இந்தத் தடவையக் கணக்குல சேக்க மாட்டாங்களாம். என்ன கோளாறுன்னு போட்டோவோட எழுதி அனுப்பணும். நம்ம வீட்டுத் தப்புன்னா திங்கக்கிழமை நான் அங்க இருக்கணும்."

ஒரு மணிக்கு அதே கரிவலம்வந்தநல்லூர்க்காரர் வந்தார். வாசுதேவநல்லூரில் வேறு வீட்டில் வேலையாக இருந்தவர், பாதியில் விட்டு பைக்கில் வந்திருந்தார். மகள் போஸ்டைப் பார்க்கச் சொன்னாள். அவர் நேரே நிலையைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். தாழ்வாரத்து மூலைப் பெட்டியைத் திறந்து, பேனா போல ஒரு சின்ன லைட்டை வயர் நுனியில் வைத்து அமுக்கினார். நிலைக்கு நடுவில், பிளாஸ்திரிக்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் கசிந்தது. காயத்திலிருந்து ரத்தம் ஊறுவது போல இருந்தது.

"இங்கனதான் ஒடிஞ்சிருக்கு" என்றார்.

மகள் முக்காலியில் ஏறிப் பார்த்தாள். "இது வெள்ளை வயருல்லா? இது வீட்டுக்குள்ள போடுதது. நான் போன்ல தேடிப் பாத்துருக்கேன், வெளிய கருப்புதான் போடணும்னு போட்டுருக்கு. அண்ணாச்சி, போன வருஷம் போட்டது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"வெயில்ல வெள்ளைய இழுத்து வச்சிட்டு, வெடிச்ச பிறவு பிளாஸ்திரி வேற ஒட்டிருக்கீங்க. என்ன வேல அண்ணாச்சி இது? மனசாட்சி வேண்டாமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. "கருப்பு வயரு பத்தாமப் போச்சும்மா அன்னிக்கி" என்று பொய் சொன்னார்.

மகள் போட்டோ எடுத்தாள். வாசல்படியில் உட்கார்ந்து போனில் தட்டத் தொடங்கினாள். நான் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுதி அனுப்பினால் இந்த வீட்டில் இருப்பாள். நான் வாயைத் திறந்தால் திங்கட்கிழமை போய்விடுவாள். அவருடைய வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போன மாதம் இதே மாதிரி புகார் வந்து புளியங்குடியில் ஒருவரை நிறுத்திவிட்டதாக மகள்தான் சொல்லியிருந்தாள்.

எதிர்வீட்டு மதினி சத்தம் கேட்டு வந்துவிட்டாள். "என்னட்டி, லைன் மறுபடியும் செத்துப்போச்சா?" என்றாள் மகளிடம்.

நான் கதவை விட்டு வெளியே வந்தேன். "எழுதாத மக்கா" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"வெள்ளை போடச் சொன்னது நான். அவரு முடியாதுன்னுதான் சொன்னாரு. ரெண்டாவது கோடைக்கு முன்ன மாத்தணும், மகள்ட்டச் சொல்லுங்கன்னும் சொன்னாரு. நான் சொல்லல." மடியிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்து நீட்டினேன். "காலையில ஏறி அமுக்கி ஒடிச்சதும் நான்தான்."

மகள் என்னையும் சுருளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன்மா?" என்றாள்.

"நிலைக்கு மேல கருப்பு வேண்டாம்னு..."

எதிர்வீட்டு மதினிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "ஏ மதினி, நல்லா இருக்கே உங்க கத! அந்தா படிகாரம் தொங்குதே, கண்ணேறு படக் கூடாதுன்னு. அது என்ன மல்லிகைச் சரத்துலயா கட்டிருக்கீங்க? கருப்புக் கயிறுதானே?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். நிலைக்கு நடுவில், நான் கட்டியதுதான், கருப்புக் கயிற்றில் படிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. மதினி சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஆள் மகள் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார். "எழுதிக்கிடுங்கம்மா. ஆச்சி கேட்டாலும் போட்டது நான். தெரிஞ்சவன் போடலாமா? அதுவும் தப்புதான்."

மகள் போனை மறுபடி கையில் எடுத்தாள். எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. எழுதி முடித்ததும் எழுந்து, அறைக்குள் போய்ப் பயணப் பெட்டியில் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அவர் வாசலிலேயே நின்றார். "ஆச்சி, இப்ப எப்படிப் போட? மாடி சுத்திக் கொண்டாந்தா நிலைக்கு மேல வராது. ஆனா அவ்வளவு நீளம் எங்கிட்ட இல்ல, ரெண்டு நாளு ஆகும். நிலைக்கு மேலன்னா இப்பவே முடிச்சிருவேன்."

"கருப்ப நிலைக்கு மேலயே போடுங்க" என்றேன். பிறகு கேட்டேன், "உள்ளயும் கருப்பையே கொண்டு போயிட்டா என்ன தம்பி? நடுவுல ஒரு இணைப்பு எதுக்கு?"

முதல் தடவையாக அவர் நிமிர்ந்து சிரித்தார். "ஆச்சி கேக்கது நல்ல கேள்வி. கருப்புத் தோலு தீப்பிடிச்சா ஒரேயடியாப் புகையும். வீட்டுக்குள்ள அது ஆகாது. வெறைப்பா வேற இருக்கும், மூலையில மடக்கினா உள்ள கண்ணாடி ஒடிஞ்சிரும். உள்ளதுக்கு வெள்ளைதான். பெட்டிய உள்பக்கமா வச்சிருதேன். வெளிய ஒரு சாண் கூட வெள்ளை இருக்காது."

கருப்பை வெண்டிலேட்டருக்குக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினார். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம், உள்ளே வராதாம். உள்ளே வெள்ளையை மேசைக்குப் பின்னால் கொண்டுபோகும்போது, இறுக்கி மடக்காமல் கை அகலத்துக்கு வளைவு விட்டார். நான் கூடவே நின்று பார்த்தேன். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் கேட்டேன். மகள் அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குப் பச்சை விளக்கு வந்தது. அவர் சொல்லிக்கொண்டு கிளம்பினார். மகள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னைத் தாண்டி அறைக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறிவிட்டாள். கம்ப்யூட்டரையும், கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரியையும் எடுத்துக்கொண்டு போனாள். லைன் பெட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். படி இறங்கும்போது சொன்னாள்: "முப்பது நாளு லைன் நிக்காம இருந்தா மறுபடி யோசிக்கேன்னு மேடம் சொல்லிருக்காங்க. லைன் கம்பெனிக்காரங்களும் அங்கேருந்து பாப்பாங்க. நீ காலையில, மத்தியானம், சாயங்காலம் பாத்து எனக்குச் சொல்லு."

எனக்குப் போனில் பேசி வழக்கமில்லை. யாராவது கூப்பிட்டால் எடுப்பேன், நானாகக் கூப்பிட மாட்டேன். இப்போது தினமும் மூன்று தடவை கூப்பிடுகிறேன். "பச்சை" என்பேன். "சரி" என்பாள். வைத்துவிடுவாள். பத்தாவது நாள் வரை அவ்வளவுதான். எதிர்வீட்டு மதினி காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். குளிக்கப் போகும்போது வெளியே உட்கார்ந்திருக்கிறாள். மத்தியான நேரத்தில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். மூன்று மணி வெயில் வாசலில் விழும்போது அறைக்குள் போய் நாற்காலியைப் போட்டு அந்த விளக்குக்கு எதிரே உட்கார்ந்துகொள்வேன். ஐந்து மணி வரை எழுந்திருக்க மாட்டேன்.

பன்னிரண்டாவது நாள் "பச்சை" என்றதும், "சாப்பிட்டியாம்மா?" என்றாள். பதினேழாவது நாள், அங்கே அறையில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னாள்.

இன்று இருபத்தாறாவது நாள். மத்தியானம் மேற்கே மேகம் கட்டி, காற்று தெருமண்ணை எல்லாம் வாரிக்கொண்டு வந்தது. பின்னாலேயே மழை. கருப்பு வயர் போஸ்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாடத்தில் விளக்கேற்றலாமா என்று திரும்புகையில் கரண்ட் போய்விட்டது. தெருவில் தறிச் சத்தம் எல்லாம் ஒன்றாக நின்றது. லைன் பெட்டியில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, ஒன்றுமே இல்லை. இது கணக்கில் சேருமா சேராதா என்று எனக்குத் தெரியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டான பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெண்டிலேட்டருக்குக் கீழே சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன. பச்சை விட்டு விட்டு மின்னியது. மின்னி மின்னி, பிறகு ஒரே நிலையாக நின்றது.

மகளைக் கூப்பிட்டேன். "கரண்ட் போயிருந்துச்சி மக்கா. அதான் விளக்கு இல்ல. இப்ப பச்சை. நல்ல பச்சை" என்றேன்.

"கரண்ட் போறதெல்லாம் கணக்கில்லம்மா. மழையா அங்க?"

"மழைதான். வயரு ஆடுது. ஆனா லைன் நிக்கல."

அந்தப் பக்கம் ஏதோ ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிடும் மணி கேட்டது.

"இன்னும் நாலு நாளும்மா" என்றாள். "பாத்துக்கோ."